அறிவியலுக்குத் தத்துவம் எதற்கு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அறிவியல் தத்துவம் என்று பேச்செடுத்தால் இரண்டு பக்கத்திலிருந்தும் சிரிப்பு வரும். இயற்பியல் படித்தவர்கள் "எங்கள் வேலை எங்களுக்குத் தெரியும்" என்று சிரிப்பார்கள். ஆன்மிகத்தில் ஊறியவர்கள் "உங்கள் கருவிகளுக்கு எட்டாதது எங்களுக்கு எட்டும்" என்று சிரிப்பார்கள். நடுவில் மாட்டிக்கொண்ட இந்தத் துறையைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளுக்கு, என் சாய்வுகளை மறைக்காமல் இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

அறிவியல் தத்துவத்தில் ஆய்வு செய்பவர்கள் உண்மையில் என்னதான் செய்கிறார்கள்?

வேலை நின்றுவிடக்கூடாது என்பதற்காக அறிவியல் கேட்காமல் தாண்டிப்போன கேள்விகளைத் திரும்பிப்போய்க் கேட்கிறார்கள். இப்படிப் பொதுவாகச் சொன்னால் விளங்காது. வெப்பமானியை எடுத்துக்கொள்வோம்.

பாதரசம் சூடானால் விரியும். நீர் உறையும் இடத்தில் ஒரு கோடு, கொதிக்கும் இடத்தில் ஒரு கோடு. நடுவை நூறு சம பாகமாகப் பிரித்தால் வெப்பமானி தயார். பள்ளியில் இதோடு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்கள். ஆனால் பாதரசம் சீராகத்தான் விரிகிறது என்று எப்படித் தெரியும்? ஒவ்வொரு வெப்பநிலையிலும் அது எவ்வளவு விரிந்தது என்று அளந்து பார்க்க வேண்டும். அதற்கு முதலில் வெப்பநிலை தெரிய வேண்டும். வெப்பநிலையை அறிய நம்மிடம் இருப்பது அதே வெப்பமானிதான். பாதரசத்துக்குப் பதில் சாராயத்தை நிரப்பினால் இரண்டு முனைகளிலும் இரண்டும் ஒத்துப்போகின்றன. நடுவில் சாராயம் சில பாகைகள் பின்தங்கிக் காட்டுகிறது. எது பொய் சொல்கிறது?

நிலையான புள்ளிகள் என்று நம்பியவையும் அவ்வளவு நிலையாக இல்லை. ஜெனீவாவைச் சேர்ந்த டெ லுக் 18ஆம் நூற்றாண்டில் நீரில் கரைந்திருக்கும் காற்றைக் குலுக்கிக் குலுக்கி வெளியேற்றிவிட்டுச் சூடேற்றினார். 100 பாகையைத் தாண்டிய பிறகும் அந்த நீர் கொதிக்கவில்லை. கண்ணாடிப் பாத்திரத்தில் ஒரு வெப்பநிலை, உலோகப் பாத்திரத்தில் இன்னொன்று என்றும் பின்னர் பலர் கண்டார்கள். லண்டன் ராயல் சொசைட்டி கேவண்டிஷ் தலைமையில் ஒரு குழுவையே அமைத்தது. கொதிக்கும் நீரில் வெப்பமானியை அமிழ்த்தாமல், மேலே எழும் ஆவியில் வைத்துக் குறியிடலாம் என்று அந்தக் குழு 1777-இல் பரிந்துரைத்தது.

1840-களில் பாரிஸில் ரெனோ என்ற பரிசோதனையாளர் சிக்கலை வேறு பக்கமாகத் திருப்பினார். உண்மையான வெப்பநிலையைக் காட்டுவது எது என்ற கேள்வியையே அவர் கைவிட்டார். ஒரே வகைக் கருவிகளைச் சிறு வேறுபாடுகளோடு செய்தால் அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று மட்டும் பார்த்தார். கண்ணாடியின் வகையை மாற்றியதும் பாதரச வெப்பமானிகள் தங்களுக்குள்ளேயே முரண்பட்டன. காற்று வெப்பமானிகள் பெரும்பாலும் தாக்குப்பிடித்தன. கோட்பாடு எதையும் கடன் வாங்காமல் ஒரு கருவியை எப்படி நம்புவது என்பதற்கு இதைவிட நேர்த்தியான பதிலை நான் பார்த்ததில்லை.

இந்தக் கதையைத் தோண்டியெடுத்தவர் ஹாசோக் சாங் என்ற தத்துவப் பேராசிரியர். 2004-இல் அவருடைய நூல் வந்தது. ஏட்டில் படித்ததோடு அவர் நிற்கவில்லை. பழைய கொதிநிலைப் பரிசோதனைகளைத் தாமே செய்தும் பார்த்தார். இன்றைய ஆய்வுக்கூடத்துக்கு இந்தக் கேள்விகளுக்கு நேரம் இல்லை, அதனால் வேறு யாராவது கேட்டாக வேண்டும் என்பது அவர் வாதம்.

அது அறிவியல் வரலாறுதானே?

பாதி ஆம். கேம்பிரிட்ஜ், பிட்ஸ்பர்க் போன்ற இடங்களில் வரலாறும் தத்துவமும் ஒரே துறையாகத்தான் இருக்கின்றன. ரெனோ என்ன செய்தார் என்பது வரலாறு. அவர் செய்தது நியாயமா, வேறு வழி இருந்ததா, அதே உத்தி இன்று வேறு இடத்தில் செல்லுமா என்பது தத்துவம்.

"தத்துவம் இறந்துவிட்டது" என்று ஹாக்கிங்கே சொல்லிவிட்டாரே?

2010-இல் லெனார்ட் ம்லோடினோவுடன் சேர்ந்து எழுதிய நூலின் தொடக்கத்தில் சொன்னார். அதே நூலில் சில பக்கங்கள் தள்ளி, நாம் உலகை அறிவது மாதிரிகளின் வழியாகத்தான், மாதிரியைச் சாராத உண்மை எது என்று கேட்பதில் பொருளில்லை என்ற ஒரு நிலைப்பாட்டை இருவரும் விரிவாக முன்வைக்கிறார்கள். தத்துவ வகுப்பில் இதை ஒரு பருவம் முழுக்க விவாதிக்கலாம்! தத்துவத்தைப் புதைக்கப் போனவர்கள் வழியிலேயே தத்துவம் பேசத் தொடங்கிவிட்டார்கள்.

இயற்பியலாளர் ஸ்டீவன் வெய்ன்பெர்க் இன்னும் கூர்மையான எதிரி. 1992-இல் வந்த நூலில் தத்துவத்துக்கு எதிராக ஒரு தனி அத்தியாயமே எழுதினார். இயற்பியலாளர்களுக்குத் தத்துவம் எப்போதாவது உதவியிருக்கிறது என்றால், அது வேறு தத்துவவாதிகளின் தப்பெண்ணங்களிலிருந்து அவர்களைக் காப்பாற்றியதுதான் என்பது அவர் கருத்து. இதில் உண்மை இருக்கிறது. அணுக்கள் இருப்பதை இயற்பியலாளர் ஏர்ன்ஸ்ட் மாக் கடைசிவரை ஏற்கத் தயங்கியதற்கு, புலன்களுக்கு எட்டாததைப் பேசக்கூடாது என்ற அவருடைய தத்துவம்தான் காரணம். தத்துவம் கண்ணையும் மறைக்கும். ஆனால் மறைத்த தத்துவம் எது என்று கண்டுபிடிக்கும் வேலையை யார் செய்வது?

ஐன்ஸ்டைனுக்குத் தத்துவம் உதவியது என்பது உண்மையா, பெருமைக்காகச் சொல்வதா?

உண்மை. பெர்னில் காப்புரிமை அலுவலகத்தில் வேலை பார்த்த காலத்தில் மோரிஸ் சொலவின், கொன்ராட் ஹபிக்ட் என்ற இரண்டு நண்பர்களோடு அவர் ஒரு வாசிப்பு வட்டம் நடத்தினார். வேடிக்கையாக அதற்கு 'ஒலிம்பியா அகாதெமி' என்று பெயர். ஹியூம், மாக், பாயின்கரே, ஸ்பினோசா எல்லாம் அங்கே படிக்கப்பட்டார்கள். 1915-இல் மொரிட்ஸ் ஷ்லிக் என்ற தத்துவவாதிக்கு எழுதிய கடிதத்தில், சார்பியலைக் கண்டடைவதற்குச் சற்று முன்பு ஹியூமை ஆர்வத்தோடு படித்ததாகவும், அந்தப் படிப்பு இல்லாமல் போயிருந்தால் அந்தத் தீர்வுக்கு வந்திருக்க மாட்டேன் என்று சொல்லும் அளவுக்கு அது தன்னைப் பாதித்ததாகவும் அவரே குறிப்பிடுகிறார்.

ஹியூமிடமிருந்து அவர் எடுத்துக்கொண்டது ஒரு துணிச்சல். தொலைவில் நடக்கும் இரண்டு நிகழ்ச்சிகள் 'ஒரே நேரத்தில்' நடந்தன என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோம். அதை எந்தச் செயலால் சரிபார்ப்பீர்கள் என்று கேட்டதும் எங்கும் எல்லோருக்கும் ஒரே காலம், அதாவது முழுமுதற் காலம் என்ற கட்டடம் ஆடத் தொடங்கியது. சமன்பாடுகளில் பல ஏற்கெனவே லோரன்ட்ஸிடம் இருந்தன. அந்தக் கேள்வியைக் கேட்டவர் ஐன்ஸ்டைன்.

பொய்ப்பிக்க முடிந்தால் அறிவியல், முடியாவிட்டால் இல்லை. கார்ல் பாப்பர் சொன்ன இந்த விதி போதாதா?

பாப்பர் 1934-இல் வியன்னாவில் வெளியிட்ட இந்தக் கருத்து, தத்துவத்திலிருந்து அறிவியலாளர்கள் மனமுவந்து ஏற்றுக்கொண்ட அரிய சரக்கு. அழகான கருத்துதான். ஆனால் வானத்தைப் பார்த்தால் சிக்கல் தெரியும்.

யுரேனஸ் நியூட்டனின் விதி சொன்ன பாதையில் போகவில்லை. விதி பொய்த்துவிட்டது என்று யாரும் அறிவிக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கோள் இழுக்கிறது என்று பிரான்சில் லெ வெரியேயும் இங்கிலாந்தில் ஆடம்ஸும் கணக்குப் போட்டார்கள். 1846 செப்டம்பர் 23 அன்று பெர்லினில் கால்லே தொலைநோக்கியைத் திருப்பினார். லெ வெரியே சொன்ன இடத்திலிருந்து ஒரு பாகைக்கும் குறைவான தூரத்தில் நெப்டியூன் இருந்தது.

அடுத்து புதன். அதன் நீள்வட்டப் பாதை விதி சொன்னதைவிடச் சற்றுக் கூடுதலாகத் திரும்பிக்கொண்டிருந்தது. அதே லெ வெரியே, 1859-இல் அதே உத்தியைக் கையாண்டார்: சூரியனுக்கு அருகில் இன்னொரு கோள் இருக்க வேண்டும். வல்கன் என்று பெயரும் வைத்தாயிற்று. பார்த்துவிட்டதாகச் சொன்னவர்களும் உண்டு. ஆனால் அப்படி ஒரு கோள் இல்லை. நூற்றாண்டுக்கு 43 விகலை (ஒரு விகலை என்பது பாகையில் 3600-இல் ஒரு பங்கு) அளவிலான அந்தச் சிறு பிசகுக்கு 1915 நவம்பரில் ஐன்ஸ்டைன் புதிய ஈர்ப்புக் கோட்பாட்டிலிருந்து விடை தந்தார்.

ஒரே மனிதர், ஒரே உத்தி. முதல் முறை மகுடம், இரண்டாம் முறை மண். முரண்பாடு ஒன்று வந்தால் அது கோட்பாட்டைச் சாய்க்கிறதா, கோட்பாட்டோடு நாம் சேர்த்துவைத்த துணை அனுமானம் ஒன்றைச் சாய்க்கிறதா என்பதை முரண்பாடே சொல்வதில்லை. 1906-இல் பியர் துயெம் எழுதியதும் 1951-இல் குவைன் விரித்ததும் இதைத்தான். பாப்பருக்கும் இது தெரியாததல்ல. துணை அனுமானம் புதிய சோதனைக்கு வழி திறந்தால் அதை ஏற்கலாம் என்று இடம் விட்டிருந்தார். இன்றும் இதே இக்கட்டு உண்டு. விண்மீன் மண்டலங்கள் சுழலும் வேகம், அவற்றில் தெரியும் பொருளின் அளவோடு பொருந்தவில்லை. கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள் இருக்கிறது என்பது நெப்டியூன் வழி. ஈர்ப்பு விதியையே திருத்து என்று 1983-இல் மில்க்ரோம் சொன்னது ஐன்ஸ்டைன் வழி. பெரும்பாலோர் முதல் வழியில் இருக்கிறார்கள், அதற்கு நல்ல காரணங்களும் உண்டு. ஆனாலும் கரும்பொருள் துகள் ஒன்றும் இன்னும் கையில் சிக்கவில்லை.

அறிவியலாளர்கள் சான்றை மட்டும் பார்த்துத்தானே முடிவெடுக்கிறார்கள்?

ஆர்தர் எடிங்டனைப் பாருங்கள். 1919 மே 29 சூரிய கிரகணத்தின்போது ஆப்பிரிக்கக் கரையருகே உள்ள பிரின்சிபே தீவிலிருந்து விண்மீன்களின் ஒளி வளைவதை அளந்து, ஐன்ஸ்டைனின் கோட்பாட்டை உலகறியச் செய்தவர். இளம் பாப்பரை வியக்கவைத்தது அந்தத் துணிச்சலான சோதனைதான்.

பதினாறு ஆண்டுகள் கழித்து, 1935 ஜனவரியில், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துக் கேம்பிரிட்ஜுக்குப் போன சுப்பிரமணியன் சந்திரசேகர், குறிப்பிட்ட நிறைக்கு மேல், எரிபொருள் தீர்ந்து சுருங்கிய வெண்குள்ளன் விண்மீன் நிலைத்திருக்க முடியாது என்று லண்டனில் கட்டுரை வாசித்தார். இன்று நாம் சொல்லும் கணக்கில் அது சூரியனைப் போல் ஏறக்குறைய 1.4 மடங்கு. அடுத்துப் பேச எழுந்த எடிங்டன் அதை நையாண்டி செய்தார். ஒரு விண்மீன் இப்படி அபத்தமாக நடந்துகொள்வதைத் தடுக்க இயற்கையில் ஒரு விதி இருக்க வேண்டும் என்றார். கணக்கில் பிழை காட்டவில்லை. இயற்கை எப்படி இருக்க வேண்டும் என்ற தன் தத்துவத்தைத்தான் காட்டினார். சந்திரசேகருக்கு நோபல் பரிசு 1983-இல் வந்தது.

தாமஸ் கூன் சொன்னபடி பார்த்தால் அறிவியல் வெறும் கூட்டத்தின் சம்மதம்தானா?

கூன் அப்படிச் சொல்லவில்லை. சொன்னதாக நம்பியவர்கள் பலர். ஹார்வர்டில் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்ற அவர் 1962-இல் எழுதிய நூல், அறிவியலாளர்கள் பெரும்பாலான நாட்களில் கோட்பாட்டைச் சோதிப்பதில்லை, அது தரும் புதிர்களை விடுவிக்கிறார்கள் என்றது. தீராத புதிர்கள் குவியும்போது நெருக்கடி வருகிறது. அப்போது முழுச் சட்டகமும் மாறுகிறது. இந்தச் சட்டகத்துக்கு அவர் பயன்படுத்திய 'பாரடைம்' என்ற மையச் சொல்லுக்கு அந்த நூலில் 21 வெவ்வேறு பொருள்கள் இருப்பதாக மார்கரெட் மாஸ்டர்மன் எண்ணிக் காட்டினார். அவர் கூனின் எதிரி அல்லர், அனுதாபி! துல்லியம், முரணின்மை, பரப்பு, எளிமை, பயன்வளம் ஆகியவற்றை வைத்துத்தான் அறிவியலாளர்கள் தேர்கிறார்கள், ஆனால் இவற்றில் எதற்கு எவ்வளவு எடை என்பதில் இயந்திர விதி கிடையாது என்று கூன் பின்னர் தெளிவாக்கினார். எனக்கு இது மிக நியாயமாகவே படுகிறது.

ஜோதிடம் அறிவியலா? ஒரே வரியில் பதில் சொல்ல முடியாதா?

இல்லை. இது ஒரே வரிப் பதில். ஏன் இல்லை என்பதற்குத்தான் பல வரிகள் வேண்டும். அவற்றில் பல தவறாகவும் சொல்லப்படுகின்றன.

'பொய்ப்பிக்க முடியாது, எனவே அறிவியல் அல்ல' என்பது வழக்கமான பதில். ஆனால் பொய்ப்பிக்க முடியும். செய்தும் பார்த்தார்கள். புணேயில் ஜெயந்த் நார்லிகரும் அவர் குழுவினரும் நன்றாகப் படிக்கும் பிள்ளைகள், மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகள் ஆகியோரின் ஜாதகங்களைக் கலந்து ஜோதிடர்களிடம் கொடுத்தார்கள். 27 ஜோதிடர்கள் ஆளுக்கு 40 ஜாதகங்களைப் பார்த்துச் சொன்னதில் சராசரியாகச் சரியானவை 46 விழுக்காடு. நாணயத்தைச் சுண்டியிருந்தால் 50 கிடைத்திருக்கும்.

அப்படியானால் ஜோதிடத்தின் குறை எங்கே? 1978-இல் தத்துவ ஆய்வாளர் பால் தகார்ட் ஒரு நல்ல பதில் தந்தார். தவறிய கணிப்புகளை அந்தச் சமூகம் என்ன செய்கிறது என்று பாருங்கள் என்றார். நூற்றாண்டுகளாகத் திருத்தம் இல்லை, தீராத கேள்விகளைத் தீர்க்கும் முயற்சி இல்லை, போட்டிக் கோட்பாடுகளோடு ஒப்பிடுவதும் இல்லை. குறை அந்த வாக்கியங்களில் அல்ல, அவற்றை வைத்திருப்பவர்களின் நடத்தையில். இன்னொரு தத்துவ ஆய்வாளரான பால் ஃபேயராபெண்ட் வேறு மாதிரி. 1975-இல் 186 அறிவியலாளர்கள் ஜோதிடத்தை எதிர்த்து அறிக்கை விட்டபோது, படித்துப் பார்க்காமலேயே கண்டிக்கிறீர்கள் என்று அவர்களைச் சாடினார். ஜோதிடத்தின் மேல் அவருக்குக் காதல் இல்லை. வாதம் சோம்பலாக இருந்ததுதான் அவரைச் சுட்டது.

இது நாற்காலி விவாதம் மட்டுமல்ல. 2001-இல் பல்கலைக்கழக மானியக் குழு ஜோதிட அறிவியல் படிப்புகளுக்கு வழி திறந்தது. அறிவியலாளர் புஷ்ப பார்கவா முதலியோர் தொடுத்த வழக்கை 2004-இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அமெரிக்காவில் 1982-இல் ஆர்கன்சா மாநில வழக்கில், உயிர்களைக் கடவுளே நேரடியாகப் படைத்தார் என்னும் படைப்புவாதத்தைப் பள்ளியில் அறிவியலாகக் கற்பிக்க முடியாது என்று நீதிபதி ஓவர்ட்டன் தீர்ப்பளித்தார். தத்துவ ஆய்வாளர் மைக்கேல் ரூஸின் சாட்சியத்தின் சாயல் அதில் தெரிந்தது. தீர்ப்பு சரி, காரணம் தவறு என்று லாரி லௌடன் என்ற இன்னொரு தத்துவ ஆய்வாளர் எழுதினார். படைப்புவாதிகளின் கூற்றுகள் சோதிக்கப்பட்டுத் தோற்றுப்போனவை. அவற்றைச் சோதிக்கவே முடியாது என்று சொன்னால் தோல்வியிலிருந்து தப்பவிடுகிறோம் என்றார். நான் லௌடன் பக்கம்.

தத்துவக் கேள்வியிலிருந்து ஆய்வுக்கூட முடிவு ஒன்றாவது வந்திருக்கிறதா?

வந்திருக்கிறது. 2022-இல் அதற்கு இயற்பியல் நோபல் பரிசும் வந்தது.

1935-இல் ஐன்ஸ்டைன், பொடோல்ஸ்கி, ரோசன் மூவரும் குவாண்டம் இயக்கவியல் முழுமையானதா என்று கேட்டார்கள். பிணைந்து பிறந்து விலகிச் சென்ற இரண்டு துகள்களில் ஒன்றை இங்கே அளந்தால் மற்றதன் நிலை அங்கே உடனே தெரிகிறது. அது முன்பே முடிவாகியிருக்க வேண்டும், கோட்பாடு அதைச் சொல்லாமல் விடுகிறது என்பது அவர்கள் வாதம். நீல்ஸ் போர் பதில் எழுதினார். அந்தப் பதிலுக்கு என்ன அர்த்தம் என்று இன்றும் கட்டுரை எழுதுகிறார்கள். பெரும்பாலான இயற்பியலாளர்கள், எந்தச் சோதனையாலும் தீராத வெறும் தத்துவம் இது என்று ஒதுக்கிவிட்டுக் கணக்குப் போடப் போனார்கள்.

ஜான் பெல் ஒதுக்கவில்லை. ஜெனீவாவில் செர்ன் ஆய்வகத்தில் துகள் இயற்பியல் அவர் வேலை. இது ஓய்வுநேரப் பித்து. 1964-இல், சில ஆண்டுகளே வெளிவந்து நின்றுபோன ஓர் இதழில், சில பக்கக் கட்டுரை எழுதினார். துகள்கள் முன்கூட்டியே விடையை வைத்திருந்து, ஒன்றை அளப்பது தொலைவில் உள்ள மற்றதைப் பாதிக்காது என்றால், இரண்டு பக்க அளவீடுகளுக்கும் இடையிலான ஒத்திசைவு ஓர் எல்லையைத் தாண்ட முடியாது. குவாண்டம் இயக்கவியல் தாண்டும் என்கிறது. எனவே அளந்து பார்க்கலாம்!

அளக்கத் தக்க வடிவத்தை 1969-இல் நான்கு பேர் கொடுத்தார்கள். அவர்களில் ஒருவர் ஜான் கிளாசர். இன்னொருவர் அப்னர் ஷிமோனி. முதலில் யேலில் தத்துவத்திலும் பிறகு பிரின்ஸ்டனில் இயற்பியலிலும் ஆக இரண்டு முனைவர் பட்டங்கள் பெற்றவர். 1972-இல் ஃப்ரீட்மனுடன் கிளாசர் பெர்க்லியில் செய்த சோதனையிலும், 1982-இல் ஆலன் ஆஸ்பே பாரிஸுக்கு அருகில் ஓர்சேயில் செய்த சோதனையிலும் எல்லை தாண்டப்பட்டது. மிச்சமிருந்த முக்கிய ஓட்டைகளையும் 2015-இல் டெல்ஃப்ட், வியன்னா, அமெரிக்காவின் போல்டர் ஆகிய இடங்களின் குழுக்கள் அடைத்தன. கிளாசர், ஆஸ்பே, ட்சைலிங்கர் மூவருக்கும் பரிசு. ஐன்ஸ்டைன் கேட்ட கேள்வி சரி, எதிர்பார்த்த விடைதான் தவறு.

இடையில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 1970-களில் இந்தத் தலைப்பில் வேலை செய்வது இளம் ஆய்வாளருக்கு வேலைவாய்ப்பைக் கெடுத்துக்கொள்வதற்குச் சமம். விவாதத்தின் ஒரு பகுதி சுவிட்சர்லாந்திலிருந்து நகலெடுத்துச் சுற்றுக்கு விடப்பட்ட ஒரு மடலில்தான் நடந்தது. 1991-இல் ஆர்டுர் எக்கெர்ட் இதே பெல் தேற்றத்தைக் கொண்டு ரகசியச் செய்தி அனுப்பும் முறை ஒன்றை வகுத்தார். பயன் என்ன என்று கேட்பவர்கள் அதன் பிறகுதான் சமாதானமானார்கள்.

இயற்பியலைத் தாண்டி?

உளவியலில் நடந்தது எனக்கு மிகவும் பிடித்த கதை. மின்னசோட்டாவைச் சேர்ந்த பால் மீல், மருத்துவ உளவியலாளர். 1967-இல் ஓர் அறிவியல் தத்துவ இதழில் எழுதினார்: இயற்பியலில் அளவீடு கூர்மையாக ஆக, கோட்பாடு தேறுவது கடினமாகிறது. உளவியலில் தலைகீழ். 'இரண்டு குழுக்களுக்கும் வேறுபாடே இல்லை' என்பதை மறுத்தாலே கோட்பாடு தேறிவிடுகிறது. எந்த இரண்டு குழுக்களுக்கும் ஏதாவது சிறு வேறுபாடு இருக்கத்தான் செய்யும். ஆக, போதுமான ஆட்களைச் சேர்த்தால் தவறான கோட்பாடும் ஏறக்குறையப் பாதிக்குப் பாதி தேறும். யாரும் பெரிதாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 2015-இல் 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தபோது, முதலில் 97 விழுக்காடு 'புள்ளியியல்படி முக்கியமான விளைவு' காட்டியிருந்தவை இம்முறை 36 விழுக்காடே காட்டின. காரணங்கள் பல, மீல் சொன்னது அவற்றில் ஒன்று. ஆனால் ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்கு முன்பே எழுதிவைத்திருந்தார்.

புற்றுநோய் ஆய்வில் லூசி லப்லான் என்ற தத்துவ ஆய்வாளர். ஒரு செல்லை, பிற செல்களைப் பிறப்பிக்கும் 'தண்டு' செல் என்று சொல்லும்போது, அது அந்தச் செல்லோடு பிறந்த மாறாத குணமா, சூழல் தந்ததா, வேறு செல்களும் பெறக்கூடியதா என்று பிரித்துக் கேட்டார். முதலாவது என்றால் அந்தச் செல்களை அழித்தாலே போதும். வேறு செல்களும் அப்படி மாறக்கூடும் என்றால் அழித்த இடத்தில் புதியவை முளைக்கும். சிகிச்சையின் இலக்கே மாறுகிறது.

இழைக் கோட்பாடு அறிவியலா, தத்துவமா?

அடிப்படைத் துகள்களை நுண்ணிய இழைகளின் அதிர்வுகளாகப் பார்ப்பது இழைக் கோட்பாடு. சோதனைக்கு எட்டாத ஆற்றலில் பேசுகிறது என்பதற்காக எந்தக் கோட்பாடும் தத்துவமாகிவிடாது. 2014-இல் அண்டவியல் அறிஞர்கள் எல்லிஸும் சில்க்கும், சோதனையைத் தளர்த்தினால் இயற்பியலின் நேர்மை போய்விடும் என்று எழுதினார்கள். இயற்பியலிலிருந்து தத்துவத்துக்கு வந்த ரிச்சர்ட் டாவிட், மாற்றுக் கோட்பாடு தேடியும் கிடைக்காதது போன்ற மறைமுகக் காரணங்களுக்கும் ஓரளவு எடை உண்டு என்றார். அடுத்த ஆண்டு மியூனிக்கில் இரு தரப்பும் சந்தித்தன, முடிவு எட்டவில்லை. டாவிட்டின் வாதம் கவனமானது. ஆனால் 'வேறு வழி தெரியவில்லை' என்பது தேடியவர்களின் எண்ணிக்கையையும் பொறுத்தது அல்லவா?

இதெல்லாம் நம் முன்னோர்கள் அன்றே சொன்னதுதானே?

சிலவற்றைச் சொல்லியிருக்கிறார்கள், பெருமைப்படும்படியாகவே. மணிமேகலையின் 27ஆம் காதையில் வெவ்வேறு சமயத்தார் எவற்றை அறிவின் அளவைகளாக ஏற்கிறார்கள் என்ற விவாதம் வருகிறது. ஒருவர் பத்து, ஒருவர் எட்டு, ஒருவர் ஆறு. 29ஆம் காதையில் அறவண அடிகள் பௌத்த அளவை நூலையே பாடமாக நடத்துகிறார். மலையில் நெருப்பு இருக்கிறது என்பது பக்கம், அதாவது நிறுவ வேண்டிய கூற்று. புகை தெரிவது ஏது, அதாவது காரணம். அடுக்களையைப் போல என்பது திட்டாந்தம், அதாவது எடுத்துக்காட்டு. அதற்குப் பின் போலி வாதங்களின் நீண்ட பட்டியல். புகை உள்ள இடமெல்லாம் நெருப்பு உண்டு என்பதை எல்லா இடத்தையும் பார்க்காமல் எப்படி ஏற்பது என்று பழைய இந்தியப் பொருள்முதல்வாதிகளான சார்வாகர்கள் மடக்கினார்கள். 18ஆம் நூற்றாண்டில் ஹியூம், பார்த்த சிலவற்றிலிருந்து பொதுவிதிக்குப் போகும் தொகுப்பு வாதத்தைப் பற்றி எழுப்பிய கேள்விக்கு அது மிக அருகில் நிற்கிறது.

ஆனால் குவாண்டம் இயக்கவியல் உபநிடதத்தில் இருக்கிறது என்பது வேறு வகைப் பேச்சு. ஷ்ரோடிங்கர் வேதாந்தத்தை ஆழமாக விரும்பிப் படித்தார், எழுதவும் செய்தார். அவருடைய 1926 சமன்பாடு டி பிராலியின் அலைகளிலிருந்தும் ஹாமில்டனின் இயக்கவியலிலிருந்தும் வந்தது. சார்வாகரை விட்டுவிட்டு வேதாந்தத்தை மட்டும் அறிவியலோடு சேர்த்துக் கட்டும் ஆர்வம் எனக்கு எப்போதும் சற்றுச் சந்தேகத்தைத் தரும்.

இந்தத் துறையில் ஆய்வு செய்ய எந்தத் தகுதி வேண்டும்?

ஓர் அறிவியலை உள்ளே நின்று தெரிந்திருக்க வேண்டும். குவாண்டம் அடிப்படைகளைப் பற்றி எழுத விரும்புகிறவருக்குக் குவாண்டம் கணக்குப் போட வர வேண்டும். அதற்குக் குறுக்குவழி இல்லை. கூடவே வாதத்தைப் பிரித்துப் பார்க்கும் தருக்கப் பயிற்சி. வேலை பெரும்பாலும் கட்டுரை எழுதுவது: ஒரு கருத்தைச் சிறு துண்டாக நறுக்கி, அதற்கு வரக்கூடிய மறுப்புகளைத் தானே எழுப்பி, தாங்குகிறதா என்று பார்ப்பது. நடுவர்கள் இரக்கமில்லாதவர்கள்.

தமிழில் படிக்க வழி உண்டா?

இலங்கையில் உண்டு. அங்கே உயர்தர வகுப்பில் 'அளவையியலும் விஞ்ஞான முறையும்' என்று ஒரு பாடமே இருக்கிறது. தமிழ் வழியில் படிக்கும் பதினேழு, பதினெட்டு வயது மாணவர்கள் பாப்பரையும் கூனையும் தேர்வுக்கு எழுதுகிறார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் துறையும் உண்டு. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் இதற்கு இணையாக ஒன்றும் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவத்துக்கென ராதாகிருஷ்ணன் பெயரில் உயராய்வு நிறுவனம் இருக்கிறது.

ஆங்கிலம் படிக்க முடிந்தவர்களுக்கு ஸ்டான்ஃபோர்டு தத்துவக் கலைக்களஞ்சியம் இணையத்தில் இலவசம். 1995 முதல் வளர்ந்துவருகிறது. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் நடத்தும் முன்வரைவுக் காப்பகத்தில் புதிய கட்டுரைகளைக் காசில்லாமல் படிக்கலாம். இயற்பியல் மாணவர் என்றால் பெல்லின் கட்டுரைகளிலிருந்து தொடங்குங்கள். மற்றவர்கள் வெப்பமானிக் கதையிலிருந்து தொடங்கலாம்; கணக்கு அதிகம் தேவைப்படாது.